இளைக்கும் குழந்தை: ஒவ்வாமையும் மூச்சுக்குழாயும் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சளி பிடித்து, அதோடு நெஞ்சில் விசில் போன்ற ஓசையும் (இதையே இளைப்பு என்கிறோம்) கேட்கத் தொடங்கிவிட்டால், வீட்டில் ஆளுக்கொரு மருத்துவம் சொல்வார்கள். பாட்டி வாழைப்பழத்தை நிறுத்தச் சொல்வார், அடுத்த வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் விலாசத்தைக் கொடுப்பார், மருந்துக்கடைக்காரர் கேட்காமலேயே ஒரு சிரப்பை எடுத்து நீட்டுவார். இவர்களுக்கு நடுவே நிற்கும் பெற்றோருக்காக, தமிழ்நாட்டு வீடுகளின் பழக்கவழக்கங்களை மனத்தில் வைத்து இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மருந்தின் பெயரையும் அளவையும் உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சளி பிடிக்கும்போதெல்லாம் என் குழந்தைக்கு இளைப்பு வருகிறது. இது ஆஸ்துமாதானா?

இரண்டு மூன்று வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை இதற்கு ஒரே நாளில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. சொல்லாமல் காத்திருக்கும் மருத்துவரை விவரம் தெரியாதவர் என்று எண்ணிவிடவும் கூடாது. இந்த வயதில் வரும் இளைப்பில் பெரும்பகுதி வைரஸ் தொற்றினால் வருவது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980 முதல் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1995-இல் வெளியாயின. முதல் மூன்று வயதுக்குள் இளைத்த குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு ஆறு வயதாகும்போது இளைப்பு நின்றுபோயிருந்தது. எஞ்சியவர்களில் நம் குழந்தையும் ஒன்றா என்று ஊகிக்கச் சில அடையாளங்கள் உதவும். சளி இல்லாத நாட்களிலும் பின்னிரவில் வரும் இருமல், ஓடும்போதும் விழுந்து விழுந்து சிரிக்கும்போதும் கிளம்பும் இருமல், உடலில் கரப்பான் என்னும் அரிப்புள்ள தோல்நோய், தாய்க்கோ தந்தைக்கோ ஆஸ்துமா ஆகியவை இருந்தால் ஆஸ்துமாவுக்கான வாய்ப்பு கூடுகிறது.

ஊரில் பலர் ‘வீசிங்தான், ஆஸ்துமா இல்லை’ என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். வீசிங் என்பது ஓர் ஓசையின் பெயர். அந்த ஓசை திரும்பத் திரும்ப வருவதற்கான காரணங்களுள் ஒன்றின் பெயர் ஆஸ்துமா. நோய்க்குப் பெயர் வைக்க மருத்துவர் ஓராண்டு காத்திருந்தாலும் தவறில்லை. இளைப்பு வந்த இரவில் கொடுக்க வேண்டிய மருந்தை அதற்காக நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு மூக்கொழுகலோடு போகிற சளி, குழந்தைக்கு மட்டும் ஏன் நெஞ்சுக்கு இறங்கிவிடுகிறது?

குழாயின் அளவுதான் காரணம். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூச்சுக்குழாயின் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால், உள்வழி 2 மில்லிமீட்டராகக் குறுகிவிடும். வழி பாதியானால் தடையும் இருமடங்காகும் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். உண்மையில் காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகிறது. இதே 1 மில்லிமீட்டர் வீக்கம் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் தடையை மூன்று மடங்கை ஒட்டித்தான் உயர்த்தும். குழந்தை வளர வளர இளைப்பு குறைவதற்கு, குழாய் அகலமாவதும் ஒரு பெரிய காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அங்கன்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ போகத் தொடங்கும் முதல் ஆண்டில் அது இன்னும் கூடலாம். ஒவ்வொரு சளியும் பத்து நாள் நீடித்தால் மழைக்காலம் முழுவதும் மூக்கொழுகியபடியே இருக்கும். இதை வைத்து ‘எதிர்ப்புச் சக்தியே இல்லை’ என்று முடிவுகட்டி டானிக் தேடிப் போவது வீண்செலவு.

எங்கள் ஊரில் இதை ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்கிறார்கள். ஆறு மாதம் மருந்து கொடுக்க வேண்டுமா?

பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பது குழந்தைக்கு முதன்முதலில் ஏற்படும் காசநோய்த் தொற்றின் பெயர். நம் ஊரில் அச்சொல் விடாத இருமல், பசியின்மை, எடை ஏறாமை ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. காசநோய் என்று சொல்வதற்குச் சான்று வேண்டும்: வீட்டில் காசநோயாளி ஒருவர் இருப்பது, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலோ இருமலோ, எடை இழப்பு, தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசியின் முடிவு, எக்ஸ்ரே, சளியிலோ இரைப்பை நீரிலோ கிருமியைத் தேடும் பரிசோதனை. இவை அரசு மருத்துவமனையில் இலவசம். வந்து வந்து போகும் இளைப்பை மட்டும் வைத்துக் காசநோய் மருந்தைத் தொடங்குவது சரியன்று. காசநோய் உண்மையாகவே இருந்தால் அதை இளைப்பு என்று விட்டுவிடுவதும் சரியன்று.

பிறந்த சில மாதங்களில் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் இருந்தது. அதற்கும் இளைப்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தமிழில் கரப்பான் என்ற ஒரே சொல் தோல்நோயையும் சமையலறைப் பூச்சியையும் குறிக்கிறது. தற்செயலோ என்னவோ, இக்கட்டுரையில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஒவ்வாமைக் கூறு உள்ள குழந்தைகளில் முதலில் தோலில் கரப்பானும், பிறகு சிலருக்கு உணவு ஒவ்வாமையும், பின்னர் இளைப்பும், பள்ளி வயதில் தும்மலும் மூக்கரிப்புமாக ஒன்றன்பின் ஒன்று வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளார்கள். எல்லாக் குழந்தைக்கும் எல்லாம் வருவதில்லை; கரப்பான் கடுமையாக இருந்த குழந்தைகளுக்கே வாய்ப்பு அதிகம்.

வெடித்த தோல் திறந்த கதவு போன்றது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். வயிற்றின் வழியாகப் பழக வேண்டிய உணவுப் புரதம் புண்ணான தோலின் வழியாக உள்ளே போகும்போது, உடல் அதைப் பகையாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பின்னர் கோதுமை உணவே ஒவ்வாமல் போன நிகழ்வு, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை உலகுக்குக் காட்டியது. ஆகவே கரப்பான் உள்ள தோலில் கடலை மாவையும் பயத்த மாவையும் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்தை நிறுத்திவிடுவது நல்லது. மிதமான சோப்பு, வெதுவெதுப்பான நீர், ஈரம் முழுவதும் காய்வதற்குள் தடவும் மணமற்ற ஈரப்பத களிம்பு, தேவைப்பட்டால் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பு ஆகியவையே போதும்.

வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு, இளநீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?

பெரும்பாலும் தேவையில்லை. ‘குளிர்ச்சி’ என்று நாம் வகைப்படுத்தும் உணவுகள் வைரஸைக் கொண்டுவருவதில்லை. பால் குடித்தபின் தொண்டையில் கோழை கட்டியதுபோலத் தோன்றுவது உமிழ்நீரும் பாலும் கலந்து உண்டாகும் கெட்டித்தன்மையால் வருவது; நுரையீரலில் சளி கூடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட உணவைத் தந்த ஒவ்வொரு முறையும் இருமல் வருவதை நீங்களே பார்த்திருந்தால் அதைத் தவிர்ப்பதில் தவறில்லை. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று பாலையும் முட்டையையும் பழத்தையும் ஒரே மூச்சில் நிறுத்திவிட்டு, இட்லியும் ரசம் சாதமும் மட்டுமே தின்னும் குழந்தையின் எடை ஏறவில்லை என்று வருந்துவதைத்தான் அதிகம் காண்கிறோம்.

உண்மையான உணவு ஒவ்வாமை இப்படி மங்கலாக வருவதில்லை. சாப்பிட்ட சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், தோலில் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி ஆகியவை தெரியும். இவற்றோடு மூச்சுத் திணறலோ, குரல் மாற்றமோ, குழந்தை துவண்டு போவதோ சேர்ந்தால் அது உயிர் ஆபத்து. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே அதற்கு முதல் மருந்து. அந்நேரத்தில் ஒவ்வாமைச் சிரப்பைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வேர்க்கடலையும் முட்டையும் எத்தனை வயதில் கொடுக்கலாம்? தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராதா?

தள்ளிப்போடுவதுதான் பாதுகாப்பு என்று முன்பு மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். அக்கருத்து மாறியதற்கு ஒரு கதை உண்டு. இஸ்ரேலில் கைக்குழந்தைகள்கூட வேர்க்கடலையில் செய்த பஃப் போன்ற தின்பண்டத்தைச் சப்பிக்கொண்டிருப்பார்கள். பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு அது வழக்கமில்லை. வேர்க்கடலை ஒவ்வாமையோ பிரிட்டன் குழந்தைகளிடம் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாக இருந்தது. இதைக் கவனித்த கிடியன் லாக் என்ற மருத்துவர் குழுவினர், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேர்க்கடலையைத் தொடர்ந்து தந்தும் மற்றதற்கு முற்றிலும் தவிர்த்தும் ஐந்து வயது வரை கவனித்தனர். 2015-இல் வெளியான முடிவின்படி, தின்ற பிரிவில் ஒவ்வாமை, தவிர்த்த பிரிவில் இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவே இருந்தது.

நம் வீட்டுக்கு இதன் பொருள்: ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கும்போது நன்றாக வேகவைத்த முட்டையையும், வறுத்து மை போல அரைத்துக் கஞ்சியில் கரைத்த வேர்க்கடலையையும் காரணமின்றித் தள்ளிப்போட வேண்டாம். முதல் நாள் கரண்டி நுனியளவு கொடுத்துப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டலாம். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழு வேர்க்கடலையை ஐந்து வயது வரை கையில் கொடுக்கவே கூடாது. ஏன் என்பதைக் கீழே காண்க.

தொண்ணூறு பொருள்களுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விளம்பரம் பார்த்தோம். எடுத்துவிடலாமா?

வேண்டாம். ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பது உடல் அப்பொருளை அடையாளம் கண்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும்; அதைத் தின்றால் தீங்கு வரும் என்று காட்டாது. குழந்தை தினமும் தின்னும் அரிசிக்கும் கத்தரிக்காய்க்கும் ‘பாசிட்டிவ்’ என்று வந்த தாளை வைத்துக்கொண்டு என்ன சமைப்பது என்று திகைத்து நிற்பதே இதன் விளைவு. ஐஜிஜி என்னும் வேறொரு எதிர்ப்பொருளை அளந்து ‘உணவு ஒத்துக்கொள்ளாமை’ சொல்லும் பரிசோதனைக்கு எந்த மதிப்பும் இல்லை. ஒரு குறிப்பிட்ட பொருளின் மீது ஐயம் எழுந்தபின், அதற்கு மட்டும் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ ரத்தச் சோதனையோ செய்வதுதான் முறை.

வீட்டில் எதை மாற்றினால் பலன் இருக்கும்?

முதலில் புகை. வீட்டுக்குள் எரிக்கும் எதுவும் மூச்சுக்குழாய்க்குப் பகை. அது கோயில் மணம் வீசினாலும் சரி, மூலிகை என்று உறையில் எழுதியிருந்தாலும் சரி. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவர்த்திச் சுருள்களை எரித்து அளந்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் வெளியிடும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று கண்டது. கதவைச் சாத்திவிட்டு அதைக் குழந்தையின் கட்டிலடியில் கொளுத்தி வைக்கிறோம். கொசுவை விரட்டியே ஆக வேண்டும், டெங்குவும் சிறிய நோய் அன்று. அதற்குக் கொசுவலையும் சன்னல் வலையுமே குழந்தைக்கு ஏற்றவை. சாம்பிராணியையும் ஊதுபத்தியையும் பூசையறையோடு நிறுத்தி, சன்னலைத் திறந்து வைத்து, குழந்தையை வேறு அறையில் வைத்திருக்கலாம். குளித்த குழந்தையைச் சாம்பிராணிப் புகைக்கு மேல் காட்டித் தலை உலர்த்தும் வழக்கம், இளைப்பு உள்ள குழந்தைக்கு அறவே கூடாது. மொட்டை மாடியில் சிகரெட் பிடித்துவிட்டு வந்து குழந்தையை அள்ளிக்கொள்ளும் தந்தையின் சட்டையிலும் மூச்சிலும் புகை இருக்கிறது. இதைச் சொன்னால் வீட்டில் மனத்தாங்கல் வரும் என்பது தெரியும். ஆயினும் எந்தப் பரிசோதனையையும் விட இதற்குப் பலன் அதிகம்.

அடுத்தது படுக்கை. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது, கண்ணுக்குத் தெரியாது. நாம் உதிர்க்கும் தோல் துகளைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும் அதற்குச் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் காற்று தோதானது. வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைத் தருவது இப்பூச்சிதான் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1960-களில் நிறுவினார்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தை அதற்குப் பெரிய குடியிருப்பு. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை, முடிந்தால் 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டும் பழைய வழக்கம் நல்லதே, தட்டும் வேலையைக் குழந்தை இல்லாத இடத்தில் செய்தால். கோரைப்பாயில் துவைத்த பருத்தி விரிப்பைப் போட்டுப் படுக்கவைப்பது, விலையுயர்ந்த ‘ஒவ்வாமை எதிர்ப்பு மெத்தை’ வாங்குவதை விடச் சிக்கனமானது. பஞ்சு பொம்மைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதையும் துவைத்துக்கொண்டிருங்கள்.

பிறகு கரப்பான் பூச்சி. அதன் எச்சமும் உதிர்ந்த உடற்பகுதிகளும் தூசியாகிக் காற்றில் கலக்கின்றன. அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், கரப்பான் பூச்சிக்கு ஒவ்வாமை கொண்டு, அது நிறைந்த வீட்டிலும் வாழ்ந்த குழந்தைகளே ஆஸ்துமாவுக்காக அதிகம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் விடாமல் கழுவிவிடுவது, கசியும் குழாயைச் சரிசெய்வது, தெளிப்பானுக்குப் பதிலாக மூலையில் வைக்கும் ஜெல் மருந்தைப் பயன்படுத்துவது ஆகியவை போதும். மழைக்குப் பின் சுவரில் பூக்கும் பூஞ்சையைத் துடைத்துவிட்டு மேலே பெயின்ட் அடிப்பதற்கு முன், நீர் எங்கிருந்து ஊறுகிறது என்று பாருங்கள். வீட்டைக் கூட்டுவதை விட ஈரத்துணியால் துடைப்பது மேல். காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்குவதை இவை எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய்க் குளியல் செய்யலாமா? சளிக்குக் கற்பூரம் கலந்த எண்ணெய் தடவலாமா?

உடலிலும் தலையிலும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தவறில்லை. மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவதுதான் ஆபத்து. எண்ணெய்க்கு இருமல் தூண்டப்படுவதில்லை. அது ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத நிமோனியாவை உண்டாக்கும். வாயால் மூக்குக்குள் ஊதிச் சளி எடுப்பதையும் விட்டுவிடுங்கள். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

கற்பூரம் கைக்குழந்தைக்கு நஞ்சு. அது தோல் வழியாகவும் உறிஞ்சப்பட்டு வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த தைலமோ எண்ணெயோ தடவ வேண்டாம். முகப் பவுடரும் தேவையற்றது; குழந்தையின் கழுத்துக்கு நாம் போடும் பவுடரில் ஒரு பங்கு அதன் மூக்குக்குப் போகிறது. கொதிநீர்ப் பாத்திரத்துக்கு மேல் போர்வை போர்த்தி வேது பிடிக்கவைப்பது இளைப்பைக் குறைப்பதில்லை. தீப்புண்ணோடு மருத்துவமனைக்கு வர வழி செய்கிறது.

தீபாவளிக்கும் போகிக்கும் என்ன செய்வது?

சன்னலைச் சாத்தி, மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்க அன்றாடம் தரும் தடுப்பு மருந்தை விடாமல் கொடுத்து, இளைப்பு வந்ததும் தரும் நிவாரண இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். சின்ன வெடி தானே என்று குழந்தையின் கையில் கொடுக்கும் பாம்பு மாத்திரைதான், புணேயில் அளந்து பார்த்த பட்டாசு வகைகளில் மிக அதிக நுண்துகளை வெளியிட்டது. போகி விடியலில் சென்னையில் பனியும் டயர்ப் புகையும் கலந்து விமானங்களே தாமதமாகும். அன்று காலை குழந்தையை வெளியே தூக்கிவர வேண்டாம்.

இன்ஹேலர் கொடுத்தால் அதற்கே அடிமையாகிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயம் எத்தனையோ குழந்தைகளைத் தேவையின்றி மருத்துவமனைக் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறது. நோய் நீடிப்பதால் மருந்து நீடிக்கிறது. மருந்து கொடுத்ததால் நோய் நீடிப்பதில்லை. கண்ணாடி அணிபவரைக் கண்ணாடிக்கு அடிமை என்று நாம் சொல்வதில்லை.

கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சிரப்பில் 5 மில்லியில் வழக்கமாக இருப்பது 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுங்கவும் நெஞ்சு படபடக்கவும் வைத்துவிட்டு நுரையீரலுக்கு வந்து சேர்கிறது. ‘லேசாகச் சிரப் மட்டும் போதும்’ என்று கேட்டு வாங்குவோர் உண்மையில் கடுமையான மருந்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சால்பியூட்டமால், இறுகிய குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும் நிவாரண மருந்து. பியூடசனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்றவை உட்சுவரின் வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு மருந்துகள். இவற்றைக் குழந்தை நன்றாக இருக்கும் நாட்களிலும் கொடுக்க வேண்டும். இவை ஸ்டீராய்டு என்பதால் வளர்ச்சி குறையுமா என்ற கேள்வி நியாயமானது. பியூடசனைடைச் சில ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த அமெரிக்கக் குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் இறுதி உயரம் மற்றவர்களை விடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. இரவெல்லாம் இளைத்து, பள்ளிக்கும் விளையாட்டுக்கும் போகாமல், மாதம் ஒருமுறை ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கும் குழந்தைக்கு நேரும் இழப்பு இதை விடப் பெரிது. ஆயினும் கட்டுக்குள் வந்தபின் அளவைக் குறைக்க முடியுமா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஸ்பேசரை (இன்ஹேலரைப் பொருத்தி மருந்தை மூச்சில் இழுக்க உதவும் குழாயை) முகத்தருகே கொண்டுபோனாலே குழந்தை அழுகிறது. எப்படிக் கொடுப்பது?

அழும் குழந்தைக்கு மருந்து நெஞ்சுக்குப் போவதில்லை; முகத்திலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. ஆகவே பழக்குவதை இளைப்பு இல்லாத நாளில் தொடங்குங்கள். முகமூடியைப் பொம்மைக்கும் தாத்தாவுக்கும் வைத்துக் காட்டுங்கள். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூடும்படி வைத்து, ஒருமுறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு எண்ணுங்கள். ஒருமுறை அழுத்துவது ஒரு பஃப்; அடுத்த பஃப்புக்கு மறுபடியும் குலுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தக் கூடாது. தடுப்பு மருந்துக்குப் பின் வாயைக் கொப்பளிக்கச் செய்து முகத்தைத் துடைத்துவிடுங்கள். நான்கு வயதை ஒட்டி முகமூடியை எடுத்துவிட்டு வாயில் வைக்கும் முனைக்கு மாறலாம்.

புது ஸ்பேசரின் உட்சுவரில் நிலைமின்சாரம் இருப்பதால் மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சில சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த நீரில் அலசி, துணியால் துடைக்காமல், தானாக உலரவிடுங்கள். ஸ்பேசரே கிடைக்காத இடத்தில் அவசரத்துக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் ஹெதர் ஸார் குழுவினர் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டுப் பயன்படுத்தி, அது கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்வதை 1999-இல் நிறுவினார்கள்.

வீட்டுக்கு நெபுலைசர் வாங்கிவிடலாமா?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. சரியாகப் பயன்படுத்திய ஸ்பேசரும், மருந்தை ஆவிபோல மாற்றித் தரும் மின்கருவியான நெபுலைசரும் ஒரே பலனைத் தருகின்றன. ஸ்பேசருக்கு மின்சாரம் வேண்டாம், பேருந்துப் பயணத்திலும் கையில் இருக்கும். வீட்டில் நெபுலைசர் இருப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. ‘இன்னொருமுறை வைத்துப் பார்ப்போம்’ என்று விடிய விடிய வைத்துக்கொண்டிருந்து, மருத்துவமனைக்குத் தாமதமாகக் கிளம்புவார்கள்.

இருமல் சிரப், மாண்டிலுகாஸ்ட், வீட்டுக் கசாயம் ஆகியவற்றைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

இருமல் சிரப் இளைப்பைக் குணப்படுத்துவதில்லை. குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் டையெத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் கலந்த இருமல் சிரப்பைக் குடித்துக் குழந்தைகள் பலர் இறந்தபின், இரண்டு வயதுக்குள் இத்தகைய மருந்துகளைத் தரவே கூடாது என்று மத்திய அரசு மருத்துவர்களுக்கு நினைவூட்டியது.

ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் வாய்வழி தரும் மருந்தான மாண்டிலுகாஸ்ட் சில குழந்தைகளுக்கு உதவும். ஆனால் கெட்ட கனவு, எரிச்சல், காரணமற்ற அழுகை போன்ற மனமாற்றங்கள் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் மீது பொறித்தது. மருந்து தொடங்கியபின் குழந்தையின் தூக்கமோ குணமோ மாறினால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் தரலாம்; ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தூதுவளை ரசமும் கற்பூரவல்லிச் சாறும் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், இன்ஹேலருக்கு மாற்றாகா. உட்பொருள் எழுதப்படாத ‘ஆஸ்துமாப் பொடி’யை வாங்காதீர்கள். அது இரண்டே நாளில் அற்புதமாக வேலை செய்தால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றே ஐயப்பட வேண்டும்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்?

குழந்தை அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டினால், உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அது வேகமான மூச்சு. விலா எலும்புகளுக்கு இடையேயும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளிழுத்தல், மூக்குத் துளைகள் விரிதல், பால் குடிக்கவோ ஒரு வாக்கியத்தை முடிக்கவோ இயலாமை, உதடு நீலமாதல், வழக்கத்துக்கு மாறான மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். மருத்துவர் எழுதித் தந்த அளவில் நீல இன்ஹேலரைக் கொடுத்தபடியே கிளம்புங்கள். கடுமையாக இளைத்துக்கொண்டிருந்த குழந்தையின் நெஞ்சில் ஓசை திடீரென்று அடங்கி, குழந்தையும் சோர்ந்து கிடந்தால், சரியாகிவிட்டது என்று மகிழாதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்பதாக இருக்கலாம்.

இதுவரை இளைப்பே வராத குழந்தைக்கு விளையாடிக்கொண்டிருக்கும்போதே இருமலும் இளைப்பும் வந்துவிட்டன.

மூச்சுக்குழாயில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பாக்குத் துண்டு, பொம்மையின் சிறு பாகம் ஆகியவை வழக்கமானவை. முதல் புரையேறல் அடங்கிச் சில நாட்கள் ஒன்றுமில்லாதது போலவே இருந்து, பிறகு ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இளைப்போ நிமோனியாவோ வரலாம். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. ஆகவே ‘புரையேறியதா?’ என்று மருத்துவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசி போடலாமா?

போட வேண்டும். இளைப்போ ஒவ்வாமையோ காரணமாக எந்த அட்டவணைத் தடுப்பூசியையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குப் பின் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது இக்குழந்தைகளுக்குக் கூடுதல் பயன் தரும். முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. முட்டை ஒவ்வாமை அதற்குத் தடையில்லை.

பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் என்ன சொல்ல வேண்டும்?

குழந்தைக்கு இளைப்பு உண்டு என்பதை மறைக்காதீர்கள். மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாளில் எதனால் வருகிறது, எப்படித் தெரியும், எத்தனை பஃப் கொடுப்பது, யாரை அழைப்பது ஆகிய நான்கையும் தமிழில் எழுதி, ஸ்பேசரோடு ஒரே பையில் வைத்து வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பூட்டிய அலுவலக அலமாரியில் அது இருந்து பயனில்லை. கரும்பலகை துடைக்கும்போது முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஓட விடாதீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடினால் இளைக்கிறது என்றால் சிகிச்சையில் குறையிருக்கிறது; அதை மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். பையில் இருக்கும் இன்ஹேலரில் எண்ணிக்கை காட்டும் சாளரம் இல்லையென்றால், திறந்த தேதியை அதன் மேல் ஒட்டி, பயன்படுத்திய பஃப்புகளைக் குறித்து வாருங்கள். பெரும்பாலான புட்டிகளில் 200 பஃப் இருக்கும். அதற்குப் பின்னும் அழுத்தினால் காற்று வரும், மருந்து வராது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய முறையை நம்ப வேண்டாம்.